பொறுக்கி வக்கீல்

புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘தீவை ஆண்டவர்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு நானே கற்பூரம் காட்டிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனாலும் அதைத் திருத்தச் சொல்ல மாட்டேன். திண்டிவனத்தில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தெருவில் பிறந்தவன் கடல் தாண்டிப் போய் ஒரு தீவின் அரசாங்கத்துக்குத் தலைமை வகித்தது உண்மை. அதில் எனக்கு அளவில்லாத பெருமை. அடக்கம் எனக்கு எப்போதும் வந்ததில்லை, வராததை இழுத்து வரும் வயதும் போய்விட்டது.

கவர்னரிடம் எப்படிப் பேசினேன், மந்திரிசபையை எப்படிக் கட்டி மேய்த்தேன் என்றெல்லாம் நீங்கள் கேட்க ஆசைப்படுவீர்கள். அவையெல்லாம் பெரிய வித்தையில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பாதி வேலையை நாற்காலியே பார்த்துக்கொள்ளும். நாற்காலி இல்லாத காலத்தில், நான் வக்கீலாகக்கூட இல்லாத காலத்தில், இதே திண்டிவனத்தில் ஒரு கோர்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு உதவக்கூடியது அதுதான்.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. மிஷன் பள்ளியில் படித்து முடித்து, சர்க்கார் பரீட்சை எழுதித் தேறி, ஊர்க் கோடியில் இருந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாட்சி தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவர் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இருந்தாலும் எங்கள் தெருவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த முதல் ஆள் நான்தான். நான் சட்டை போட்டுக்கொண்டு நடந்தால் தெருவே என் பின்னால் நடப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

என்னைவிட என் அம்மாவுக்குத்தான் அதில் மகிழ்ச்சி அதிகம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கூலிக்குக் களையெடுத்தும் நாற்று நட்டும் என்னை வளர்த்தாள். அறுவடை முடிந்த கொல்லைகளில் மண்ணுக்குள் தங்கிப்போன மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கொத்திப் பொறுக்கிக்கொண்டு வருவாள். எனக்கு வேலை கிடைத்த பிறகு அவள் பொறுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். அதுவரை பேரைச் சொல்லிக் கூப்பிட்ட தெருக்காரர்கள் ‘உத்தியோகஸ்தர் அம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படிக் கூப்பிட்டால் ஒரே குரலில் திரும்பிப் பார்த்துவிட மாட்டாள். இரண்டாவது தடவையும் கூப்பிடட்டும் என்று காத்திருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை என்ற பெண்ணும் அவளோடு கூலி வேலை செய்யும் இன்னும் மூன்று பெண்களும் குற்றவாளிக் கூண்டில் வந்து நின்றார்கள். ஒரு பெரிய நிலத்துக்காரரின் கொல்லையில் மல்லாட்டை திருடினார்கள் என்பது வழக்கு. ஒரு கூடை மல்லாட்டைதான் மொத்தத் திருட்டும். ஆனால் அவருக்கு அந்தக் கூடை பெரிதில்லை. அறுவடைக்குப் பிறகு பொறுக்குவது திருட்டுத்தான் என்று கோர்ட் வாயால் ஒரு தடவை சொல்ல வைத்துவிட்டால் போதும். பிறகு தாலுகா முழுவதும் எந்த நிலமற்ற பெண்ணும் ஒரு கொல்லையிலும் குனிய முடியாது. வழக்கு நடத்த ஊரிலேயே பெரிய வக்கீலை அமர்த்தியிருந்தார். பெண்கள் பக்கம் வக்கீலே இல்லை.

மாஜிஸ்திரேட் கோதாவரிப் பக்கத்துத் தெலுங்குக்காரர், நேர்மையான மனிதர். தமிழைப் புத்தகத்தில் கற்றுப் பரீட்சையில் தேறியவர். அவர் பேசும் தமிழைக் கேட்டால் கல்வெட்டு எழுந்து பேசுவதாகத் தோன்றும். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்கு அவ்வளவாகப் பிடிபடாது.

அஞ்சலையைக் கேட்டார்கள். அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

“ஆயலீங்க சாமி, பொறுக்கினோம். செடியெல்லாம் புடுங்கி, ஆஞ்சி, வண்டி கட்டிக்கினு பூட்டாங்க. கெடையும் போட்டாச்சி. அதுக்கப்புறம்தான் நாங்க கொல்லையில எறங்குனோம்.”

நம் ஊரில் பிறந்தவனுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. செடியிலிருந்து காயைப் பறித்தால் அது ஆய்வது. எல்லாம் முடிந்த பிறகு மண்ணில் விட்டுப்போனதை எடுத்தால் அது பொறுக்குவது. முதலாவது நிலத்துக்காரர் கூலி கொடுத்துச் செய்யும் வேலை. இரண்டாவது இல்லாதவர்களுக்கு ஊர் விட்டுவைத்த பங்கு. ஆனால் போலீசார் ஆங்கிலத்தில் எழுதிய குற்றப்பத்திரிகையில் ‘பிக்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. பறித்தாலும் அதே சொல், பொறுக்கினாலும் அதே சொல். அதைப் படிப்பவர் அந்த நான்கு பெண்களும் செடிச் செடியாகப் பறித்தார்கள் என்றுதான் நினைப்பார்.

எனக்கு மிஷன் பள்ளி ஆங்கிலம் கைகொடுத்தது. அறுவடைக்குப் பின் சிந்திக் கிடப்பதைப் பொறுக்குவதற்கு அந்த மொழியில் தனியாக ஒரு சொல் இருக்கிறது: ‘க்ளீன்’. சுத்தம் செய்வதற்குச் சொல்வோமே, அந்தக் கிளீன் இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு முதல் எழுத்து ‘சி’, இதற்கு ‘ஜி’, உச்சரிப்பிலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. நான் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். மாஜிஸ்திரேட் காதில் மற்றது விழுந்தது.

“கொல்லையைச் சுத்தம் செய்தார்களா?” என்று நிமிர்ந்து பார்த்தார்.

பெரிய வக்கீல் விடுவாரா? சட்டென்று எழுந்தார்.

“ஆமாம் யுவர் ஆனர். துடைச்சு எடுத்துட்டாங்க. ஒரு கொட்டை மிச்சமில்லை. சுத்தமா கிளீன் பண்ணிட்டாங்க!”

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் லேசாகச் சிரித்துக்கொண்டே பேனாவை மையில் தோய்த்தார். அவர் எழுதப் போவது எனக்குத் தெரிந்தது. அதை எழுதிவிட்டால், கொல்லையைத் துடைத்து எடுத்ததாக அஞ்சலையே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தப் பெண்களோ எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மொழிபெயர்ப்பாளன் கேட்டதை மொழி மாற்றிச் சொல்ல வேண்டும், அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது. இது எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்த சட்டம். தலைமைக் குமாஸ்தா என்னைப் பார்த்துப் பேசாமலிரு என்று கண்ணைக் காட்டினார். நான் எழுந்துவிட்டேன்.

“மன்னிக்கணுங்க ஐயா. அது நான் சொன்ன சொல் இல்லை.”

பெரிய வக்கீலுக்கு முகம் சிவந்தது. “யுவர் ஆனர், இந்தப் பையன் அந்தப் பெண்களோட ஆளு. எந்தத் தெருன்னு கேளுங்க. இவன் மொழிபெயர்க்கலை, அவங்களுக்காக வாதாடறான்.”

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீர் மொழிபெயர்ப்பாளர். சொல்லின் பொருள் குறித்துத் தகராறு எழுந்துள்ளது. பொருளை நீர் அறிவீராயின் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து கூறலாம். அன்றேல் அமரலாம்.”

தம்பிகளே, சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அதில் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஏறினால் அந்த வழக்குக்கு நான் சாட்சி. அதற்குப் பிறகு ஏழை யாராவது கூண்டில் நின்றால், ‘இந்த ஆள் ஒரு பக்கத்துக்காரன்’ என்று எந்த வக்கீலும் என்னை எழுந்து போகச் சொல்லலாம். நிரந்தரமாகாத வேலை அப்படியே காற்றில் போகும். உட்கார்ந்தால் நான்கு பெண்களும் ஜெயிலுக்குப் போவார்கள். நெருக்கடியில் நன்றாக யோசித்து முடிவெடுங்கள் என்று உங்களுக்கு எல்லோரும் புத்தி சொல்வார்கள். யோசிக்க நேரமிருந்தால் அதற்குப் பெயர் நெருக்கடியே இல்லை. நான் எடுத்தது முடிவுகூட இல்லை, கால் ஏறிவிட்டது.

சத்தியம் செய்தேன். ஆய்வது எது, பொறுக்குவது எது என்று சொன்னேன். நிலத்துக்காரர் தன் பங்கை எடுத்து முடித்துவிட்டார் என்பதற்கு அடையாளம், எருவுக்காகக் கொல்லையில் ஆட்டுக் கிடை போடுவது. கிடை போட்ட பிறகு பொறுக்குவதை யாரும் தடுப்பதில்லை, அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம் என்றும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இப்போது உங்களிடம் மறைத்திருப்பேன்.

பெரிய வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

“இவ்வளவு நுணுக்கம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது? சர்க்கார் பரீட்சையில கேட்டாங்களோ?”

“இல்லீங்க. பார்த்துத் தெரிஞ்சிக்கினதுதான்.”

“யாரைப் பார்த்து?”

அவர் எங்கே வருகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ‘தெருவில் எல்லோரையும்’ என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஊரில் பொதுவாகப் பார்த்தேன் என்று சொல்கிறவன் சாட்சியில்லை, வதந்தி. என் கண்ணால் பார்த்ததைச் சொன்னால்தான் அந்தப் பெண்களுக்கு அது உதவும்.

“எங்கம்மாவைப் பார்த்துங்க. எங்கம்மா பொறுக்கினவங்க. நானும் கூடவே போய்ப் பொறுக்கியிருக்கேன். அந்த மல்லாட்டையைத் தின்னுதான் வளர்ந்தேன்.”

“ஓ! அப்ப நீ பொறுக்கி மகன்னு சொல்லு!”

அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட் மறுபடி சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

“ஆமாங்க. பொறுக்கி மகன்தான். திருடி மகன் இல்லை. அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லத்தான் இங்க ஏறியிருக்கேன்.”

சிரிப்பு நின்றது. முன்பே சாட்சி சொல்லியிருந்த நிலத்துக்காரரின் மேஸ்திரியை மாஜிஸ்திரேட் திரும்பவும் கூண்டுக்கு அழைத்தார். வயல் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அவர்தான். மாஜிஸ்திரேட் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி.

“இப்பெண்டிர் இறங்குமுன் கொல்லையில் கிடை இடப்பட்டதா?”

மேஸ்திரி எஜமானர் முகத்தைப் பார்த்தார். எஜமானர் மேலே உத்தரத்தைப் பார்த்தார். கிடை போட்ட கொல்லையின் ஆட்டு நாற்றம் ஊருக்கே தெரியும், இல்லை என்று எப்படிச் சொல்வார்?

“போட்டாச்சிங்க,” என்றார்.

நான்கு பேரும் விடுதலையானார்கள். தீர்ப்பில் அந்த ஆங்கிலச் சொல்லைச் சரியான எழுத்தோடு மாஜிஸ்திரேட் எழுதினார். பக்கத்திலேயே ‘பொறுக்குதல்’ என்று தமிழிலும் எழுதினார். என் வாழ்க்கையில் எத்தனையோ சட்டங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஒரு வரி கொடுத்த கர்வத்தை எதுவும் கொடுக்கவில்லை.

அஞ்சலை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களுக்காக உன் பொழப்பக் கெடுத்துக்கினியே நைனா,” என்று அழுதாள். “பொழப்பு எங்க போவுதுக்கா, பாத்துக்கலாம்,” என்று நானும் வீராப்பாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் அம்மா நினைவு வந்தது.

ஊர் மெச்ச ‘உத்தியோகஸ்தர் அம்மா’வாக இருந்தவளைப் பற்றி அத்தனை பேருக்கு நடுவில், வக்கீல்களும் நிலத்துக்காரர்களும் கேட்க, பொறுக்கினவள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் அவளைக் கேட்காமல். அதற்குப் பதிலாக அவளுக்குக் கிடைத்தது அந்த வசவு. கோர்ட் செய்திக்கு ரயிலைவிட வேகம் உண்டு, எனக்கு முன்னால் அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அம்மா கேப்பைக் களி கிண்டி வைத்திருந்தாள். “கை கழுவிக்கினு வா,” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அஞ்சலை வந்து, “உம்புள்ள கோர்ட்ல பேசினதக் கேட்டியா...” என்று ஆரம்பித்தாள். அம்மா, “அடுப்பு எரியுது,” என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பு எரியவில்லை, நான் பார்த்தேன்.

பிற்காலத்தில் எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன், அம்மாவிடம் மட்டும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு நான் அவமானத்தைத் தேடித் தந்தேனா? அந்தக் கேள்வி அன்றைக்கு என் நெஞ்சில் உட்கார்ந்ததுதான், பல வருஷம் எழுந்து போகவில்லை.

வேலை விஷயம் நான் பயந்தபடியே நடந்தது. ஒவ்வொரு வழக்கிலும் யாராவது ஒரு வக்கீல் எழுந்து, இந்த மொழிபெயர்ப்பாளன் வேண்டாம் என்று என்னை மறுத்தார். அவர்களாக அனுப்புவதற்குள் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என்னை மறுக்கிற வேலையை வக்கீல்தானே செய்கிறான், அந்த இடத்துக்கே போய்விடலாம் என்று ஒரு வைராக்கியம். மிஷனில் உதவி செய்தார்கள். சென்னையில் ட்யூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பட்டப் படிப்பும் அதன்மேல் சட்டமும் படித்தேன். திரும்பி வந்து விழுப்புரத்தில் தொழிலை ஆரம்பித்தேன். நாலா பக்கமும் ரயில் பிரிகிற ஊர். எந்தப் பக்கத்து ஏழைக்கும் என்னிடம் வந்து சேர்வது சுலபம்.

எனக்கு முன்பே என் பெயர் அங்கே வந்துவிட்டிருந்தது. வக்கீல்கள் அறையில் எனக்குப் ‘பொறுக்கி வக்கீல்’ என்று பட்டம். முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கோபப்பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சிரித்துவைத்தேன். சிரித்தும் ஒட்டிக்கொண்டது. ஆனால் கட்சிக்காரர்களுக்கு அது வசவாகவே தெரியவில்லை. “பொறுக்கி வக்கீலு வூடு எதுங்க?” என்று ஸ்டேஷனில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஏழைகளின் வழக்கை எடுத்து நடத்துகிறவர் என்பதற்கு அதுதான் தமிழ் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு அப்படிக் கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார், வாயைத் திறந்தால் நம் திண்டிவனத்துப் பேச்சு. அவருடைய தாத்தா காலத்தில் தென்னாற்காட்டிலிருந்து கரும்பு வெட்டத் தீவுக்குக் கப்பலேறிய குடும்பம். அங்கே தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு பெரிய வழக்கு. அவர்கள் சொல்கிற தமிழை அந்த ஊர்க் கோர்ட்டில் யாரும் சரியாகச் சொல்வதில்லையாம். சொந்தக்காரர்களைத் தேடி வந்தவர் காதில் என் பட்டப்பெயர் விழுந்திருக்கிறது.

“சொன்னத மாத்தாம சொல்ற வக்கீலு வேணுங்க. ஜல்தியா கெளம்பி வாங்க,” என்றார்.

ஒரு வழக்குக்காகப் போனேன். ஜெயித்தேன். திரும்பி வர விடவில்லை. அடுத்த வழக்கு, அதற்கடுத்த வழக்கு, பிறகு தொழிலாளர் சங்கம், பிறகு தேர்தல், பிறகு சட்டசபை. தோட்ட முதலாளிகளின் கட்சியை வீழ்த்தி எங்கள் கட்சி வந்தபோது என்னைத் தலைவனாக உட்கார வைத்தார்கள். நான் சொன்னேனே, இதெல்லாம் பெரிய வித்தையில்லை என்று.

தலைமை ஏற்றதும் அம்மாவை வரவழைத்தேன். கப்பலில் வந்து இறங்கினாள். தலை நரைத்திருந்தது, பார்வை மங்கவில்லை. சட்டசபையைப் பார்க்க வேண்டும் என்றாள். கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

உழைத்து ஓய்ந்த தொழிலாளியைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது அவன் குடியிருக்கும் வரிசை வீட்டிலிருந்து, விரட்டக் கூடாது என்ற மசோதாவை அன்று கொண்டுவந்தேன். எதிர்த் தரப்பில் நம் ஆளே ஒருவர், முதலாளிகள் பக்கம் போனவர். வாதம் தீர்ந்துபோனதும் அவருக்கு ஆத்திரம் பொங்கியது. ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்தார்.

“உக்காருடா, பொறுக்கி மவனே!”

சபை அதிர்ந்தது. சபாநாயகருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். உடனே சபாநாயகர் சுத்தியலைத் தட்டி, அந்த வார்த்தையைச் சபைக் குறிப்பிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டார். மாடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். நான் மாடத்தைத்தான் பார்த்தேன். அவளுக்கு அந்த வசவு ஒரு தடவை ஊர்க் கோர்ட்டில், இன்னொரு தடவை இத்தனை தூரம் கடல் தாண்டி வந்தும்.

அம்மா எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, களத்துமேட்டில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் பேசினாள்.

“எதுக்கு அழிக்கிறீங்க? பொறுக்கினது நாந்தான். இது எம்புள்ளதான். எழுதிக்குங்க!”

காவலர்கள் ஓடினார்கள். சபாநாயகர் என்னைப் பார்த்து, அந்தப் பெண்மணி என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் எழுந்து ஆங்கிலத்தில் சொன்னேன். இந்தத் தடவை முதல் எழுத்தையும் சொன்னேன். சபாநாயகர் தன் உத்தரவை வாபஸ் வாங்கினார். அந்த வார்த்தை குறிப்பில் நின்றது. என்னைத் திட்டியவர் தலையைக் குனிந்துகொண்டார். மசோதா நிறைவேறியது.

வெளியே தாழ்வாரத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் வராத வாய் அப்போதுதான் வந்தது.

“ஏம்மா, அன்னிக்கித் திண்டிவனம் கோர்ட்ல உன்னப் பத்திச் சொல்லிட்டேன்னு உனக்கு வருத்தமா? ஒரு வார்த்தகூடப் பேசலியே?”

“வருத்தம் இல்லாம? எம்மாம் பேஜாரா இருந்துச்சி தெரியுமா?”

“அத்தினி பேரு முன்னால சொன்னதுக்கா?”

“அதுக்கு ஏண்டா வருத்தப்படணும்? பொறுக்கினவ நானு, மண்ணக் கிளறினது என் கையி. அத நீ போயி சொல்லிட்டு வர்றே. ஊரே உன்னப் பத்திப் பேசுது. என்னிய ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேன் இல்ல?”

கூப்பிட்டிருக்கலாம் தம்பிகளே. எங்கள் வீடு கோர்ட்டுக்குக் கூப்பிடு தூரம்தான்.